தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சினால் சத்தம் ஏன் ஏறுகிறது? இதை வகுப்பில் எப்படிக் கொண்டுபோவது?

கேள்வி: மஸ்கெலியா டீச்சர்

வணக்கம். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவிலிருந்து மேலே ஏறிப் போகிற ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நான்கு வருடமாகிறது. நானும் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள்தான். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார்.

போன மாதம் தரம் 8க்கு ஒலிப் பாடம் எடுத்தேன். பிள்ளைகள் 23 பேர். பாடசாலையில் இருப்பது ஒரே ஒரு இசைக்கவை. அதைத் தட்டித் தண்ணீரில் வைத்துக் காட்டினேன். முன்வரிசைப் பிள்ளைகள் பார்த்தார்கள், பின்வரிசைக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மீடிறன் (ஒரு செக்கனில் எத்தனை அதிர்வு), வீச்சம், சுருதி என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்தான். தானாக எழுந்து பேசி நான் அவனைப் பார்த்ததே இல்லை. "டீச்சர், தப்பக் காச்சுனா சத்தம் ஏறுதே, அது எதனால?" என்றான்.

வகுப்பு சிரித்தது. எனக்கு விடை சரியாகத் தெரியவில்லை. "அது பாடத்துல இல்ல, உக்காரு" என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்துவிட்டான். அந்த முகம் இன்றுவரை என்னை விடவில்லை. அவனுடைய தாத்தாவும் அப்பாவும் தோட்டத்தில் தப்படிக்கிறவர்கள். மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிவிட்டால் இராத்திரிக் கூத்து முடியும்வரை இவனும் அவர்களோடுதான் நிற்பான். மறுநாள் வகுப்பில் தூங்குவான், நாங்கள் ஏசுவோம்.

இப்போது விஞ்ஞானம், தொழினுட்பம், கலை மூன்றையும் சேர்த்து ஒரு செயற்றிட்டம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அதிபர் மூன்று கிழமைக்கு, கிழமைக்கு 80 நிமிடம் தந்திருக்கிறார். கணினி அறையையும் திறந்துவிடுவதாகச் சொன்னார். களிமண்ணில் எரிமலை செய்து வர்ணம் பூசலாம், ஒளித்தொகுப்பைப் பற்றி வில்லுப்பாட்டுப் போடலாம் என்று மற்ற ஆசிரியர்கள் நல்ல மனதோடு யோசனை சொல்கிறார்கள். எனக்கோ அந்தப் பையன் கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றைச் செய்ய மனம் வரவில்லை. தப்பை வைத்தே மூன்றையும் செய்ய முடியுமா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தப்பு என்றால் சாதி என்று முகம் சுளிக்கிற வீடுகள் எங்கள் தோட்டத்தில் இருக்கின்றன. சாவுக்கு அடிக்கிறதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவருவதா என்று கேட்பார்கள். அந்தப் பையனுக்கே கூச்சம் இருக்கிறது. அவனைக் காட்சிப்பொருளாக்கிவிடக் கூடாது என்பதுதான் என் பெரிய பயம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1: பண்டாரவளை ஓய்வு ஆசிரியர்

மகள், 31 வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். முதல் வேலையாகத் திங்கட்கிழமை வகுப்புக்குப் போய், சிரித்த அதே பிள்ளைகளுக்கு முன்னால் அவனிடம் சொல்லுங்கள்: "நீ கேட்டது நல்ல கேள்வி, அன்றைக்கு எனக்கு விடை தெரியவில்லை, நாம் எல்லோரும் சேர்ந்து தேடப் போகிறோம்." இதைச் சொல்லாமல் செயற்றிட்டத்தைத் தொடங்கினால் அவன் வரமாட்டான்.

விடைக்கு வருகிறேன். தப்பின் தோல் ஈரத்தை உறிஞ்சும். உங்கள் பக்கத்து மூட்டத்தில் கேட்கவே வேண்டாம். ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து, பாரமும் கூடி, சத்தம் 'தொப்'பென்று விழும். நெருப்பில் காட்டும்போது நீர் போகிறது, தோல் சுருங்கப் பார்க்கிறது. ஆனால் விளிம்பு சட்டத்தில் ஒட்டியிருப்பதால் சுருங்க முடியாமல் விறைக்கிறது. அந்த விறைப்பைத்தான் நாம் இழுவை என்கிறோம். இழுவை நான்கு மடங்கானால் மீடிறன் இரண்டு மடங்காகும். நரம்புக்கு இதைக் கண்டவர்களில் ஒருவர் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி. அவர் லூட் என்ற நரம்பு வாத்தியம் வாசிக்கும் இசைக்கலைஞர். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நரம்புகளில் எடை கட்டித் தொங்கவிட்டுப் பார்த்து, சுருதி ஒரு ஸ்தாயி (இரு மடங்கு மீடிறன்) ஏற எடை நான்கு மடங்கு வேண்டும் என்று காட்டினார். காது பழகியவர் கேட்ட கேள்வியிலிருந்து விஞ்ஞானம் வந்தது. உங்கள் வகுப்பில் நடந்ததும் அதுவேதான்.

வில்லுப்பாட்டு யோசனையைப் பற்றி ஒரு வார்த்தை. வில்லுப்பாட்டு அருமையான கலை. ஆனால் பாடப்புத்தக வரிகளைப் பாட்டாக்கி ஒப்புவித்தால் அங்கே விஞ்ஞானமும் நடப்பதில்லை, கலையும் நடப்பதில்லை. எரிமலைக்கு வர்ணம் பூசுவதும் அப்படியே. நான் பல வருடம் இதையே செய்து பாராட்டும் வாங்கியிருக்கிறேன், பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. கலையை மேலே ஒட்டுகிற சரிகையாக எடுக்காதீர்கள். அந்தக் கலையைச் செய்கிறவருக்குக் கையிலும் காதிலும் என்ன தெரியும் என்று கேட்டு, அங்கிருந்து கணக்குக்கும் கருவிக்கும் வாருங்கள். தாத்தாவை அழையுங்கள். ஆடிக் காட்டுகிறவராக அல்ல, தெரிந்தவராக. நாற்காலி போட்டு, பிள்ளைகள் அவரிடம் கேள்வி கேட்கட்டும். எப்போது காய்ச்சினது போதும் என்று உங்களுக்கு எப்படித் தெரிகிறது? எவ்வளவு நேரத்தில் இறங்கும்? இவற்றுக்கு என்னிடம் விடை இல்லை, அவரிடம் இருக்கிறது.

அளப்பதற்கு போன் போதும். ஜேர்மனியின் ஆகன் நகரத் தொழினுட்பப் பல்கலைக்கழகம் ஃபைபாக்ஸ் என்ற செயலியை இலவசமாகத் தருகிறது. அதில் ஒலி நிறமாலையை, அதாவது சத்தத்தில் எந்தெந்த மீடிறன் எவ்வளவு என்று காட்டும் படத்தைத் திறந்து தப்பின் நடுவில் ஒரு அடி அடித்தால் எந்த மீடிறன் எழும்பி நிற்கிறது என்று தெரியும். காய்ச்சும் முன் ஒன்று, காய்ச்சிய பின் ஒன்று, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. வரைபுத்தாளில் பிள்ளைகளே குறிக்கட்டும்.

நிறமாலையில் ஒரே ஒரு கோபுரம் மட்டும் எழும்பாது, பக்கத்தில் சில வரும். வட்டத் தோலுக்கான கணக்கின்படி மிகக் குறைந்த மீடிறனான அடிமீடிறனை 1 என்றால் அடுத்தவை 1.59, 2.14, 2.30 என்று முழு எண்ணில் அடங்காமல் போகும். அதனால்தான் தப்புக்கு ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் சொல்ல முடியாது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கறுப்பாகப் பூசியிருக்கிறதே, 'சோறு' என்கிற அந்தப் பூச்சு தோலுக்குப் பாரம் ஏற்றி, இந்த எண்களை 1, 2, 3, 4 என்ற வரிசைக்கு இழுத்து வருகிறது. திருச்சியில் 1888இல் பிறந்த சி. வி. ராமன் இதை ஆராய்ந்து 1920இல் நேச்சர் இதழில் எழுதினார். நோபல் பரிசு கிடைத்ததற்குப் பத்து வருடம் முன்பு. தப்பைப் பற்றிக் கேட்ட பையனிடம் இதைச் சொல்லுங்கள். மேளத்தோலைப் பற்றிக் கேட்பது சின்ன விஷயம் இல்லை என்று அவனும் தெரிந்துகொள்ள வேண்டும், சிரித்தவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓவியத்துக்கு ஒரு வழி: தப்பைப் படுக்க வைத்து, மேலே டஸ்ட் தேயிலையை மெல்லத் தூவுங்கள். கீழே திறந்த பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்து ஒரே சுருதியை ஓடவிட்டு மெதுவாக ஏற்றுங்கள். சில சுருதிகளில் தூள் ஓடிப்போய் வட்டமாகவும் கோடாகவும் நிற்கும். தோல் அதிராத இடங்கள் அவை. கிலாட்னி என்ற ஜேர்மானியர் 1787இல் உலோகத் தகட்டில் மணல் தூவி, வில்லால் இழுத்து இப்படிப் படங்கள் காட்டினார். பிள்ளைகள் பார்த்ததை அப்படியே வரையட்டும். அழகுபடுத்தச் சொல்லாதீர்கள். உற்றுப் பார்த்து வரைவதைச் சித்திர ஆசிரியர் வந்து கற்றுக்கொடுக்கட்டும்.

கணினிக்கு ஸ்க்ராட்ச், பிள்ளைகள் கட்டளைகளைக் கட்டை கட்டையாக அடுக்கி நிரல் எழுதுகிற மென்பொருள். தாத்தா ஒரு அடியைச் சொல்ல, பிள்ளைகள் சதுரக்கோட்டுக் கொப்பியில் 16 பெட்டி போட்டு, குட்டைக் குச்சி விழுகிற பெட்டிக்கு ஒரு குறி, நீட்டுக் குச்சிக்கு இன்னொரு குறி இடட்டும். பிறகு அதையே திரும்பத் திரும்ப வரும் கட்டளையாக எழுதலாம். எழுதி முடித்ததும் தாத்தாவைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் "இல்ல" என்றால் அவர் சொல்வதுதான் சரி. எங்கே பிழைத்தது என்று பெட்டியில் தேட வேண்டும்.


பதில் 2: தலவாக்கலை அம்மா

டீச்சர், கோவிக்க வேண்டாம். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் வருகிற முறை சாதாரண தரம் எழுதுகிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், 19 வருடம் மலையில் வேலை. தப்பை நான் குறைவாகச் சொல்லவில்லை, எங்கள் அப்பாவுடைய சாவுக்கும் அதுதான் முன்னால் போனது. ஆனால் பிள்ளையைப் படிக்க அனுப்புவது இந்த மலையை விட்டு வெளியே போக. எங்களிடம் இருப்பதையே திரும்ப அவளுக்குப் படித்துக் கொடுத்தால் அவள் எப்படிப் போவாள்? கொழும்பில் படிக்கிற பிள்ளை ரோபோ செய்கிறது, எங்கள் பிள்ளை தப்பை அளந்துகொண்டிருக்கிறதா? பரீட்சைத் தாளில் தப்பு வருமா? விஞ்ஞானத்துக்கு ஒழுங்கான ஆசிரியர் இல்லாமல் இரண்டு வருடம் போனது எங்களுக்குத்தான் தெரியும். அந்த 80 நிமிடத்தில் விட்ட பாடத்தை முடித்துக் கொடுத்தால் கும்பிடுவேன்.


பதில் 3: பண்டாரவளை ஓய்வு ஆசிரியர்

தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. தப்பு பரீட்சையில் வராது. இழுவை, மீடிறன், வரைபு, விகிதம் வரும். அவற்றைக் கையால் செய்த பிள்ளைக்கு மறக்காது என்று என் அனுபவத்தில் சொல்வேன். புள்ளி கூடும் என்று கையடித்துச் சத்தியம் பண்ண மாட்டேன். விட்ட பாடத்தை முடிக்கக் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. டீச்சர் அதற்கும் நேரம் ஒதுக்கத்தான் வேண்டும்.

ஒன்று மட்டும் செய்து பாருங்கள். மார்கழியில் வாசலில் புள்ளிக்கோலம் போடுவீர்கள்தானே? 1, 3, 5, 7, 5, 3, 1 என்று வைத்தால் மொத்தம் 25 புள்ளி. நடு வரிசை 5 என்றால் 13. நடு வரிசை 9 என்றால் 41. ஆகவே 1, 5, 13, 25, 41. வித்தியாசம் 4, 8, 12, 16. இப்போது மகளுடைய கணிதப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள், அந்தப் பாடத்தின் பெயரே 'எண் கோலங்கள்'. அடுத்த கோலத்துக்கு எத்தனை புள்ளி என்று அவளிடம் கேளுங்கள். விடையை நீங்கள் வாசலில் வைத்தே சரிபார்க்கலாம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய சகாக்களும் 1970களில் இப்படிப்பட்ட கோலங்களை எடுத்துக்கொண்டு, அவற்றை உருவாக்கும் விதிகளாகக் கணினி இலக்கணம் எழுதினார்கள். தாய்மார் கையில் இருந்தது கணினி அறிவியலுக்குப் போனது. ரோபோவுக்கு எழுதுகிற கட்டளையும் 'இதைச் செய், திரும்பச் செய், இங்கே நிறுத்து' என்பதுதான்.


பதில் 4: ஸ்டோர்க்காரன்

நானுஓயாப் பக்கம் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) 14 வருடம். விஞ்ஞானம் உயர்தரம் (ஏ.எல்.) வரை. தப்பு சரி, அதோடு தேயிலையையும் பாருங்கள் டீச்சர். பிள்ளைகள் காலை மாலை பார்க்கிற ஸ்டோருக்குள் என்ன நடக்கிறது என்று அநேகருக்குத் தெரியாது. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோத் தூளாகிறது, மிச்சம் அத்தனையும் நீர். வாட்டி, உருட்டினால் இலையின் கலங்கள் உடைகின்றன. உள்ளே தனித்தனியே இருந்த, துவர்ப்புத் தரும் கட்டெக்கினும் அதை மாற்றுகிற நொதியமும் காற்றோடு சேருகின்றன. பச்சை செம்பாகிறது. எங்கள் ஸ்டோரில் ஒரு அண்ணன் மூக்கை வைத்தே 'எடு' என்பார், கடிகாரம் பார்க்க மாட்டார்.

இதில் ஓவியமும் இருக்கிறது. கடும் சாயத்தில் தூரிகையைத் தோய்த்து வரையச் சொல்லுங்கள். ஒரு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டால் நிறம் வெளுக்கும், அப்பச்சோடா போட்டால் கறுக்கும். துருப்பிடித்த ஆணியை வினாகிரியில் சில நாள் ஊறவைத்து அந்தத் தண்ணீரைச் சாயத்தில் கலந்தால் கரு மை கிடைக்கும். இரும்பும் தேயிலையின் துவர்ப்பும் சேர்வதால் வருவது. என் மகள் அதில் ஆரம்பித்து, வெள்ளைத் தாள் முழுக்கக் கவ்வாத்து வெட்டிய மலையை வரைந்தாள். கவ்வாத்து மலைக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் நான் கண்டதில்லை. தூரிகையைப் பிறகு நன்றாகக் கழுவ வேண்டும், வினாகிரித் தண்ணீரைப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்க்க வேண்டும்.


பதில் 5: மஸ்கெலியா டீச்சர் (ஐந்து கிழமைக்குப் பிறகு)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பண்டாரவளை சேர் சொன்னபடி திங்கட்கிழமை வகுப்பில் சொன்னேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். இடைவேளையில் வந்து, "தாத்தாவ கூட்டியாரவா டீச்சர்?" என்று கேட்டான்.

தாத்தா வந்த அன்று வெள்ளைச் சட்டை, வேட்டி. கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். அதிபர் இறங்கிப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து, தன்னுடைய நாற்காலியைப் போட்டார். அவர் உட்காரக் கொஞ்ச நேரம் எடுத்தது. இரண்டு வீட்டார் அன்று பிள்ளையை அனுப்பவில்லை. ஒரு தாயை நான் லயத்துக்குப் போய்ச் சந்தித்தேன், அடுத்த கிழமை பிள்ளை வந்தது. மற்ற வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் காய்ந்த மிலாறும் (வெட்டிய தேயிலைக் குச்சி) கடுதாசியும் போட்டுக் கொளுத்தினோம். காய்ச்சும் முன் போன் காட்டிய மீடிறன் 112. காய்ச்சிய பின் 149. பிள்ளைகள் 149ஐ 112ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, இழுவை ஏறக்குறைய 1.77 மடங்கு என்று கண்டுபிடித்தார்கள். நீர் போனதால் தோல் இலேசாவதும் சுருதியை ஏற்றும், ஆகவே இது கிட்டத்தட்டத்தான் என்று நானே சேர்த்துச் சொன்னேன். பிறகு மூட்டம் இறங்கியது. 20 நிமிடத்தில் 131. வரைபைப் போட்டால் முதலில் சரசரவென்று இறங்கி, பிறகு மெல்ல வளைந்து வருகிறது. ஒவ்வொரு முறையும் போனைப் பார்க்கும் முன்னாலேயே அந்தப் பையன் "எறங்கிருச்சு", "இன்னும் கொஞ்சந்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஒரு தடவை "இல்ல, மாறல" என்றான். போனும் அதே எண்ணைக் காட்டியது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. கணக்கில் கெட்டிக்காரியான பிள்ளை ஒருத்தி அவனிடம் போய், எப்படித் தெரிகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எப்போது போதும் என்று எப்படித் தெரியும் என்று தாத்தாவிடம் கேட்டார்கள். விரலால் விளிம்போரம் சுண்டிக் காட்டினார். நடுவில் அடித்துப் பார்க்க மாட்டாராம். சுற்றி நாலைந்து இடத்தில் சுண்டி, எல்லா இடமும் ஒரே மாதிரிக் கேட்டால் எடுப்பாராம், ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் தோல் கிழியும் என்றார்.

தூள் தூவியது முதல் நாள் சரிவரவில்லை. போன் ஸ்பீக்கருக்கு அந்தப் பலம் இல்லை. கோயிலில் இருந்து ஒலிபெருக்கிப் பெட்டியை இரவல் வாங்கி வந்த பிறகுதான் தூள் அசைந்தது. வட்டம் தெளிவாக வந்தது. கோடு ஒரு தடவைதான் வந்தது, அதுவும் கோணலாக. தோல் எல்லா இடமும் ஒரே தடிப்பில் இல்லை, அதனால்தான் கோணுகிறது என்று பிள்ளைகளே சொன்னார்கள். கோணலாகவே வரைந்தார்கள். கணினி ஐந்தில்தான் ஸ்க்ராட்ச் ஓடியது, ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. 16 பெட்டியில் எழுதிய அடியைக் கேட்ட தாத்தா இரண்டு தரம் "இல்ல" என்றார். மூன்றாம் தரம் ஒன்றும் சொல்லாமல் குச்சியை எடுத்து அதோடு சேர்ந்து அடித்தார்.

தலவாக்கலை அக்கா, விட்டுப்போன பாடத்துக்குச் சனிக்கிழமை காலை வகுப்பு வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டதனால்தான். ஸ்டோர் அண்ணா, மை ஊறிக்கொண்டிருக்கிறது, அடுத்த தவணைக்கு அதுதான்.

இப்போது பையன் புதிதாக ஒன்றைக் கேட்டிருக்கிறான். பைபர் தோல் போட்ட தப்பைக் காய்ச்சவே வேண்டாம், மழையிலும் இறங்காது, பிறகு ஏன் தாத்தா அதைத் தொடமாட்டேன் என்கிறார், அந்தச் சத்தத்தில் என்ன குறைகிறது என்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறமாலை எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் பைபர் தப்பு இல்லை. ஹட்டன், நோர்வூட் பக்கம் யாரிடமாவது இருந்தால் ஒரு கிழமைக்கு இரவல் தாருங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.